வாயில் மாட்டும் கருவியால் பைட் (மேல்-கீழ்ப் பற்கள் சேரும் விதம்) மாறிவிட்டது, நிறுத்துவதா தொடர்வதா?

தெம்பனிஸ்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்லீப் ஏப்னியாவுக்கு (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகிற கோளாறு) மாஸ்க் இல்லாமல் வாயில் மாட்டும் கருவி போடுகிறவர்கள் இங்கே யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். பல வருடமாகப் போடுகிறவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

எனக்கு வயது 51, சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறேன். 2017-ல் மருத்துவமனையில் ஒரு ராத்திரி படுக்கவைத்து உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிச் சோதித்ததில் ஏஹெச்ஐ (மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 24 வந்தது, நடுத்தரம் என்றார்கள். முதலில் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதுகிற சீபேப் மெஷின்தான் கொடுத்தார்கள். என்னால் முடியவில்லை. ராத்திரி எப்போது கழற்றி எறிந்தேன் என்றே தெரியாது, காலையில் பார்த்தால் மாஸ்க் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். அப்புறம்தான் பல் மருத்துவரிடம் அனுப்பி, மேல்வரிசைக்கு ஒன்று கீழ்வரிசைக்கு ஒன்று என்று இரண்டு தட்டு வைத்து, கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கிற இந்தக் கருவியைச் செய்து கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையே மாறிவிட்டது. குறட்டை போனது, மகள் அறையில் படுத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பி வந்தாள், மதியம் சிக்னலில் நிற்கும்போது கண் சொக்குவது நின்றது. கருவி போட்டுக்கொண்டு மறுபடி சோதித்தபோது ஏஹெச்ஐ 7-தான்.

சிக்கல் இப்போதுதான். கொஞ்ச நாளாகவே இடது பக்கக் கடவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஆட்டிறைச்சி மெல்ல முடியவில்லை, வாய்க்குள் உருண்டுகொண்டே இருக்கிறது, கடைசியில் தண்ணீர் குடித்து விழுங்குகிறேன். முன்பற்கள் நுனியோடு நுனி இடிக்கின்றன, முன்பெல்லாம் மேல்வரிசை கீழ்வரிசையைக் கொஞ்சம் மூடி நிற்கும். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிற என் மகள். பழைய தீபாவளிப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள், எனக்கே திக்கென்றது.

வீட்டுக்குக் கீழே இருக்கும் பல் கிளினிக்கில் காட்டினேன். "உடனே நிறுத்துங்கள், இன்னும் போட்டால் பல்லெல்லாம் வீணாகிவிடும்" என்றார். தூக்க மருத்துவரிடம் கேட்டால், "பேருந்து ஓட்டுகிறீர்கள், ஒரு ராத்திரிகூட நிறுத்தாதீர்கள்" என்கிறார். இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளப் போவதில்லை, நடுவில் மாட்டிக்கொண்டது நான். கருவி செய்து கொடுத்தவரும் இப்போது அங்கே வேலை பார்க்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி ஆகுமா? நிறுத்திவிட்டால் பல் பழையபடி வந்துவிடுமா? மகளுக்குப் போட்ட மாதிரி எனக்கும் கம்பி போட்டுச் சரிசெய்ய முடியுமா?

மாஸ்க்மாமா:

அண்ணே, மறுபடி சீபேப் பக்கம் வாங்க. 2017-ல் உங்களுக்குக் கொடுத்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க்காக இருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காருகிற சின்ன தலையணை மாதிரி வந்துவிட்டது, குழாய் உச்சந்தலையிலிருந்து வரும், புரண்டு படுத்தாலும் இழுக்காது. ஈரப்பதம் சேர்க்கிற தண்ணீர்த் தொட்டி, மூச்சுக்கு ஏற்றபடி தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி எல்லாம் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் முதன்முதலில் செய்தபோது தூசு உறிஞ்சும் மெஷினின் மோட்டாரை வைத்து ஓட்டினாராம். இன்றைக்கு என் மெஷின் ஓடுகிற சத்தம் மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது.

எனக்கும் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. ராத்திரி நேராக மாட்டிக்கொண்டு படுக்காமல், சாயங்காலம் டிவி பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் போட்டுப் பழகினேன், அப்புறம்தான் தூக்கத்தில் ஒத்துக்கொண்டது. பல்லுக்கு ஒரு பாதிப்பும் கிடையாது. கருவியே வேண்டாம், தலைவலி விட்டது என்று இருங்கள்.

ஆலும்வேலும்:

நான் பல் மருத்துவராக இருக்கிறேன், இந்தக் கருவிகளையும் செய்து கொடுக்கிறேன். உங்கள் வாயைப் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் எழுதியிருப்பது பல வருடம் போட்டவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பதுதான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஏன் இப்படி ஆகிறது. தூங்கும்போது நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. கருவி கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதால் அந்த வழி திறக்கிறது. ஆனால் தாடையின் தசைகள் சும்மா இருப்பதில்லை, ராத்திரி முழுக்க அதைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுவிசை எங்கே போய் இறங்கும்? கருவி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அங்கே, அதாவது பற்களில். மேல்வரிசையைப் பின்னுக்கும் கீழ்வரிசையை முன்னுக்கும் தள்ளும். சின்ன விசைதான், ஆனால் தினமும் ஆறேழு மணி நேரம், வருடக்கணக்கில். உங்கள் மகளின் கம்பி வேலை செய்வதும் இப்படித்தான், அங்கே திட்டம் போட்டு நகர்த்துகிறோம், இங்கே யாரும் கேட்காமல் நகர்கிறது. கீழ் முன்பற்கள் வெளியே சாயும், மேல் முன்பற்கள் உள்ளே சாயும், இரண்டும் நுனியில் சந்திக்கும். முன்னால் இடித்துக்கொண்டு நிற்பதால் பின்னால் வாய் முழுதாக மூடாது, கடவாய்ப் பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். ஆட்டிறைச்சி உருள்வது இதனால்தான்.

எல்லாருக்கும் ஆகுமா என்று கேட்டீர்கள். அளவு வேறுபடும், ஆனால் நீண்ட நாள் போடுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது ஆகும். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதைப் பல வருடமாகப் பார்த்துவருகிறார்கள். 2014-ல் அவர்கள் வெளியிட்டதில் 77 பேர், சராசரியாக 11 வருடம் போட்டவர்கள். மேல் முன்பல் கீழ்ப்பல்லை மேலிருந்து மூடுகிற அளவு சராசரியாக 2.3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, முன்பின்னாக இருக்கிற இடைவெளி 1.9 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. சாதாரண வாயில் இந்த இரண்டு அளவும் 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆகவே உங்களைப் போல் ஒழுங்கான பைட்டோடு ஆரம்பித்தவருக்கு அது முழுதாகக் கரைந்துபோவதில் ஆச்சரியம் இல்லை. இன்னொன்று, முதல் சில வருடங்களில் ஆகிவிட்டு நின்றுவிடும் என்று நாங்கள் ஒரு காலத்தில் நினைத்தோம், அப்படி நிற்பதில்லை, போடுகிற வரை மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கும்.

ஆனால் மாற்றம் எல்லாமே கெடுதல் இல்லை. அதே குழுவின் 2006 ஆய்வில் சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல் போட்ட 70 பேரைப் பார்த்ததில் 41 சதவீதத்துக்கு மாற்றம் நல்லதாகவே முடிந்தது, 44 சதவீதத்துக்குக் கெடுதலாக, மீதிப் பேருக்கு மாற்றமே இல்லை. மேல்பல் முன்னால் தூக்கிக்கொண்டோ கீழ்ப்பல்லை ஆழமாக மூடிக்கொண்டோ இருந்தவர்களுக்கு இது லாபம். ஏற்கெனவே நுனிக்கு நுனி இருப்பவர்களுக்கும் கீழ்த்தாடை முன்னால் நிற்பவர்களுக்கும்தான் நஷ்டம். கருவி செய்வதற்கு முன்பே இதைப் பார்த்துச் சொல்ல முடியும், சொல்லியிருக்கவும் வேண்டும். அளவெடுத்த அன்றே பல் அச்சும் படமும் எடுத்து வைத்து, வருடத்துக்கு ஒரு முறையாவது கூப்பிட்டு ஒப்பிட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் தூக்க மருத்துவச் சங்கமும் பல் மருத்துவர்களின் தூக்கச் சங்கமும் சேர்ந்து 2015-ல் கொடுத்த வழிகாட்டியிலும் பல் மருத்துவரின் தொடர் மேற்பார்வை வேண்டும் என்றுதான் இருக்கிறது. பல் நகர்வதை இந்தச் சிகிச்சைக்குக் கொடுக்கிற விலையாகத்தான் நான் பார்க்கிறேன். அந்த விலை ஏறுவதை ஒருவரும் அளந்து சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கோபம்.

"உடனே நிறுத்து" என்று சொன்னவர் பல்லை மட்டும் பார்த்திருக்கிறார். கவனிக்காமல் விட்ட ஸ்லீப் ஏப்னியா இரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயத்தையும் பாதிக்கும், அதைவிட உங்கள் விஷயத்தில் ஓட்டுநருக்கு விபத்து அபாயத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுகிறது. 24-லிருந்து 7-க்கு இறக்கிய ஒன்றைக் கையில் மாற்று எதுவும் இல்லாமல் கழற்றி வைக்காதீர்கள். நிறுத்தினால் திரும்புமா என்றால், கொஞ்சம் திரும்பலாம், இத்தனை வருடத்துக்குப் பிறகு முழுதாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ரசீதுத் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, இடது கடவாய்ப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்து, தாளை இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பல் தொடவில்லை. ஒவ்வொரு பல்லாக முன்னால் நகர்ந்து, இரண்டு பக்கமும் பாருங்கள். நாங்களும் கிளினிக்கில் இதைத்தான் நீலத் தாள் வைத்துச் செய்கிறோம், தொடுகிற இடத்தில் புள்ளி விழும். காலையில் கருவியைக் கழற்றியவுடன் பார்க்க வேண்டாம், அப்போது எல்லாருக்கும் தாடை முன்னாலேயே நிற்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாருங்கள். எந்தப் பல் தொடுகிறது, எது தொடவில்லை என்று எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கருவியையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைசிக் கடவாய்ப் பல்வரை மூடுகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். மூடாமல் விட்ட பல் தனியாக எழும்பிக்கொண்டு வரும், அது வேறு ஒரு தலைவலி.

மாஸ்க்மாமா, சீபேப் பற்றி நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரி, ஏஹெச்ஐயை இறக்குவதில் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் பல்லுக்கு ஒன்றுமே ஆகாது என்பது அவ்வளவு சரியில்லை. 2010-ல் ஜப்பானிய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், மூக்கு மாஸ்க்கை இரண்டு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மேல் முன்பற்கள் சற்று உள்ளே போயிருந்தன. வார் இறுக்கிக் கட்டுவதால் மாஸ்க் மேலுதட்டை அழுத்துகிறது. கருவி அளவுக்கு இல்லை, ஆனால் இருக்கிறது.

காலாங்அக்கா:

தம்பி, பயப்படாதீங்க. நான் 2012-லிருந்து போடுகிறேன், மாதவிடாய் நின்ற பிறகுதான் எனக்குக் குறட்டையே ஆரம்பித்தது. டாக்டர் சொன்ன அந்த லாபக் கணக்கில் நானும் சேர்த்தி. சின்ன வயதிலிருந்து மேல்பல் முன்னால் தூக்கிக்கொண்டிருக்கும், பள்ளிக்கூடத்தில் வைத்த பேரெல்லாம் இங்கே எழுத முடியாது. இப்போது பார்க்கிறவர்கள் எப்போது கம்பி போட்டீர்கள் என்று கேட்கிறார்கள்!

ஆனால் சும்மா கிடைக்கவில்லை. கீழ்ப்பற்களுக்கு நடுவே சந்து விழுந்துவிட்டது. முருங்கைக்காய் நார், கொத்தமல்லி இலை, நெத்திலி முள், எது உள்ளே போனாலும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஈறு வீங்கி ஒரு தடவை இரத்தமே வந்தது. பல்லிடுக்குக்கென்று சின்ன பாட்டில் பிரஷ் மாதிரி விற்கிறார்கள், ஒவ்வொரு சந்துக்கும் ஒவ்வொரு அளவு, பல் சுகாதாரப் பணியாளர்தான் எந்த அளவு என்று பார்த்துக் கொடுத்தார். ராத்திரி கருவி மாட்டுவதற்கு முன்னால் அதைப் போட்டு எடுத்தே ஆக வேண்டும். சாப்பாட்டுத் துணுக்கை உள்ளே வைத்துக்கொண்டு அதன்மேல் கருவியால் மூடிக்கொண்டு தூங்கினால் சொத்தைக்கு நாமே வரவேற்பு வைத்த மாதிரி.

அப்புறம் ஒரு விஷயம், இதை எனக்கு ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கடவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்து மேலே கவசம் வைத்தார்கள். வைத்த அன்று ராத்திரி கருவி உட்காரவே இல்லை. புதுக் கவசத்தின் வடிவம் வேறு, பழைய கருவியின் அச்சு வேறு. கருவியை உள்ளே ராவி ராவிப் பார்த்தார்கள், கடைசியில் புதிதாகவே செய்ய வேண்டியதாகிவிட்டது, ஆயிரத்துக்கு மேல் வெள்ளி போச்சு. ஆகவே பல் வேலை எது செய்வதானாலும் இப்படிக் கருவி போடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அன்றைக்குக் கருவியையும் கொண்டு போங்கள், அதற்குப் பொருந்துகிற மாதிரி கவசம் செய்ய முடியும்.

காலையில் உங்களுக்குக் கடித்துக்கொள்ள ஒரு சின்ன அச்சு கொடுத்தார்களா? எனக்குக் கொடுத்தார்கள். கருவி செய்யும்போதே, நம்முடைய சொந்த பைட் எப்படியோ அதை அப்படியே பதித்துப் பிளாஸ்டிக்கில் செய்து தருவார்கள். கருவியைக் கழற்றியவுடன் வெந்நீரில் குளித்துவிட்டு, கோப்பி கலக்கும்போது, துணி தேய்க்கும்போது அதை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பேன். முதலில் முன்பல் மட்டும்தான் படும், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பின்னால் "டக்" என்று உட்காரும், அந்தச் சத்தம் கேட்கிற வரை தோசைக்குக் கை வைக்க மாட்டேன். உங்களுக்குக் கொடுக்கவே இல்லை என்றால் அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஈசூன்பையன்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு 28 வயது, ரிசர்விஸ்ட் (ராணுவப் பயிற்சி) போனால் பங்க்கில் (படுக்கை அறையில்) யாரும் என் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறார்கள். ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடிக்கிற கருவி நாற்பது வெள்ளிக்கு வருகிறதே, அதைப் போட்டால் போதாதா? எல்லாம் ஒரே தத்துவம்தானே?

ஆலும்வேலும்:

தம்பி, தத்துவம் ஒன்றுதான், வாய் ஒன்று இல்லை. வெந்நீரில் இளக்கிக் கடிக்கிற வகை எல்லாப் பல்லையும் ஒரே மாதிரி பிடிக்காது, தாடையை எவ்வளவு முன்னால் கொண்டுவருவது என்பதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டப் பலவற்றில் வசதியில்லை. பல்லிலிருந்து நழுவி வரும், அல்லது இரண்டு மூன்று பல்லில் மட்டும் பாரம் ஏற்றும். ஈறு நோய் இருந்து பல் ஆடுகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஆடுகிற பல்லில் இதை மாட்டக் கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம், உங்களுக்கு வெறும் குறட்டையா ஏப்னியாவா என்றே தெரியாது. சிங்கப்பூரில் செய்து 2016-ல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவருக்கு நடுத்தரம் அல்லது தீவிர அளவில் இது இருந்தது, அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுவரை தெரியாது. கருவி சத்தத்தைக் குறைத்துவிடும், பங்க்கில் எல்லாரும் சந்தோஷமாகிவிடுவார்கள், மூச்சு நின்றுபோவது மட்டும் தொடரலாம். பாலிகிளினிக்கில் (அரசு மருத்துவ நிலையத்தில்) சொல்லிப் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் மானியக் கட்டணத்தில் சோதனை செய்துகொள்ளலாம். 28 வயதில் பல்லை நகர்த்த ஆரம்பித்தால் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரசீதுத் தாள் சோதனை செய்தேன் டாக்டர். இடது பக்கம் கடைசி மூன்று பல்லிலும் தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, வலது பக்கம் கடைசிப் பல் மட்டும் பிடிக்கிறது. முன்னால் நான்கு பல்லும் தாளைக் கிழித்தே விட்டன.

அக்கா சொன்ன காலை அச்சு எனக்குக் கொடுக்கவே இல்லை. கழற்றிக் கழுவி டப்பாவில் போடுங்கள் என்றதோடு சரி. ஆனால் கொடுத்திருந்தாலும் எப்படிச் செய்திருப்பேன் என்று தெரியவில்லை. முதல் ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கு முன்னால் எழுந்து, டிப்போவுக்குக் கூட்டிப்போகிற வேனைப் பிடிக்க வேண்டும், வெந்நீர்க் குளியலும் கோப்பியும் கனவில்தான். வேனில் உட்கார்ந்துகொண்டு கடிக்கலாமா?

கம்பி பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே. கடவாய்ப் பல்லுக்கு மேலே கவசம் வைத்து உயர்த்திவிடலாம் என்றும் கீழ்வீட்டு கிளினிக்கில் ஒரு வழி சொன்னார்கள்.

ஆலும்வேலும்:

வேனில் தாராளமாகக் கடிக்கலாம். கழற்றியவுடன் தாடைத் தசை இறுகியிருக்கும், அதைத் தளர்த்தத்தான் வெந்நீர், குளிக்க நேரமில்லை என்றால் சுடுதுண்டைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டால் போதும். அச்சு இல்லாத வரைக்கும் சர்க்கரை இல்லாத சுயிங்கம்மை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்றாலும் கொஞ்சம் உதவும், இங்கே பல்லுக்கான சுயிங்கம் மருந்துக் கடையில் மருந்தாளரிடம் கேட்டால்தான் கிடைக்கும் என்பது தெரிந்திருக்கும். ஆனால் உங்களுக்கு இப்போது அச்சு செய்தால், இன்றைக்கு இருக்கிற பைட்டைத்தான் பதிக்க முடியும். பழையதைத் திருப்பித் தராது, மேலும் நகர்வதை மட்டுப்படுத்தத்தான் பார்க்கலாம்.

கம்பி போட்டால் முன்பற்களை உள்ளே கொண்டுவர முடியும். சிக்கல் என்னவென்றால், கம்பி போட்டிருக்கிற ஒன்றரை இரண்டு வருடமும் பல் மாதாமாதம் இடம் மாறும், கருவி பொருந்தாது, அந்தக் காலம் முழுக்க நீங்கள் சீபேப் போட்டாக வேண்டும். முடித்துவிட்டு மறுபடி இதே கருவிக்கு வந்தால் மறுபடி நகரும். சீபேப்புக்கே நிரந்தரமாகப் போகிறவர்தான் கம்பிக்குச் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. கவசம் வைத்து உயர்த்துவது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். நல்ல பல்லைச் செதுக்குவார்கள், இன்றைய பைட்டுக்குப் பொருந்தும், பல் நகர்ந்துகொண்டே இருப்பதால் இரண்டு வருடத்தில் அதுவும் தொடாது.

நீங்கள் தூக்க மருத்துவரிடம் கேட்க வேண்டியது இது. தாடையை எவ்வளவு முன்னால் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், பொதுவாகத் தாடை போகக்கூடிய முழுத் தூரத்தில் பாதியிலிருந்து முக்கால்வரை வைப்பது வழக்கம். உங்களுடையது அதிகமாக இருந்தால் கொஞ்சம் பின்னால் திருப்பிவிட்டு, வீட்டிலேயே செய்கிற தூக்கச் சோதனை ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். ஏஹெச்ஐ ஏறாமல் இருந்தால் பல்லுக்கு அவ்வளவு பாரம் மிச்சம். மல்லாந்து படுக்கும்போது மட்டும்தான் உங்களுக்கு மோசமாகிறதா என்பதும் பழைய சோதனை அறிக்கையிலேயே இருக்கும், அப்படியானால் ஒருக்களித்துப் படுக்கப் பழகுவதும் சேரும். 2017-க்குப் பிறகு எடை ஏறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மாஸ்க்மாமா சொன்ன சின்ன மாஸ்க்கை ஒரு மாதம் இரவல் வாங்கிப் பாருங்கள், லீவு நாட்களில் மட்டும் மாஸ்க், வேலை நாட்களில் கருவி என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் என்னிடம் இருக்கிறார்கள். பல்லுக்கு வாரத்தில் இரண்டு ராத்திரி ஓய்வு கிடைத்தாலும் வரவுதான்.

கருவி செய்த இடத்தில் உங்கள் ஆரம்பகாலப் பல் அச்சும் எக்ஸ்ரேயும் இருக்கிறதா என்று கேளுங்கள், செய்தவர் போனாலும் கோப்பு அங்கேதான் இருக்க வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு வேகத்தில் என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் மகள் காட்டிய தீபாவளிப் படங்களையும் கொண்டு போங்கள், சிரித்த படமாக இருந்தால் அதுவும் சாட்சிதான். ஊட்ரமில் இருக்கிற தேசியப் பல் மருத்துவ மையத்திலோ கெண்ட் ரிட்ஜில் இருக்கிற பல்கலைக்கழக வாய்நல மையத்திலோ பார்த்தால் பல் சீரமைப்பு மருத்துவரும் ஒரே கூரைக்குள் இருப்பார், இரண்டு மருத்துவருக்கு நடுவே நீங்கள் தூது போக வேண்டியிருக்காது.

மாஸ்க்மாமா:

பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு டாக்டர் சொன்னதைக் கேட்டு வாரைத் தளர்த்திப் பார்த்தேன், காற்று கசிகிறது. மாஸ்க் அளவே தப்பாக இருக்கும் போலிருக்கிறது, வருகிற வாரம் கடையில் காட்டப்போகிறேன். தெம்பனிஸ் அண்ணே, என்னிடம் பிரிக்காத மூக்குத் தலையணை மூன்று அளவிலும் இருக்கிறது, மெஷினோடு வந்தது. தனிச்செய்தி அனுப்புங்கள், தெம்பனிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வந்து கொடுக்கிறேன்.

தெம்பனிஸ்வாசி:

அனுப்பிவிட்டேன் மாமா. பழைய கிளினிக்கிற்கும் போன் செய்தேன், ஆரம்பகாலப் பல் அச்சு இல்லையாம், தூக்கிப் போட்டுவிட்டார்களாம், ஆனால் 2017 எக்ஸ்ரே கணினியில் இருக்கிறது, மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்றார்கள். பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதத்துக்கு அடுத்த வியாழன் நேரம் வாங்கியிருக்கிறேன், அன்றைக்கு எனக்குப் பின் ஷிஃப்ட். அதுவரை கருவியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். ஆட்டிறைச்சிக்குப் பதிலாக வீட்டில் கொத்துக்கறி.